இரண்டு தோலுக்கு நடுவில் எதை வைப்பது? ஃபைபர் சான்ட்விச் பலகைக்கான ஐந்து கோர்கள்

முகத்துவாரத்திலும் மட்டக்குளியிலும் ஃபைபர் படகு வேலை செய்பவர்கள், வெள்ளவத்தைப் பக்கம் உணவு வண்டி போட நினைப்பவர்கள், மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்குப் பொருள் தேடும் மாணவர்கள் என்று பலரும் கேட்பது ஒரே கேள்விதான். இரண்டு பக்கமும் தோலாகக் கண்ணாடி நார் போட்டாயிற்று, நடுவில் எந்தக் கோரை, அதாவது உள்பொருளை, வைப்பது? பிவிசி ஃபோமா, பிளைவுட்டா, பல்சா மரமா, பிளாஸ்டிக் தேன்கூடா, கையில் கிடைக்கும் பியு (பொலியூரித்தேன்) ஃபோமா?

கேட்பவர்கள் விலையை விசாரித்துக்கொண்டு வருகிறார்கள். சிலர் அடர்த்தியையும் கேட்டு வைத்திருக்கிறார்கள். பலகை எப்படி உடையும் என்பதை யாரும் கேட்டு வருவதில்லை. எனக்கு அதிலிருந்து தொடங்குவதுதான் வசதி.

## எதை வைத்து அளப்பது

சான்ட்விச் பலகையில் வேலை பிரிந்து கிடக்கிறது. மேலே நின்று அழுத்தினால் மேல்தோல் அமுங்கும், கீழ்த்தோல் இழுபடும். வளைவைத் தாங்குவது இந்த இரண்டு தோல்கள். கோருக்கு இரண்டு வேலை: தோல்களைத் தூரத்தில் பிடித்து வைப்பது, ஒன்று மற்றதன்மேல் வழுக்காமல் தடுப்பது. ஒரு கொப்பியை வளைத்தால் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குமே, அந்த வழுக்கலைத் தடுக்கும் விசைதான் வெட்டுவிசை. கோர் தாங்க வேண்டியது முக்கியமாக இதைத்தான்.

தோல்களுக்கு இடையிலான தூரத்துக்கு எவ்வளவு பலன் என்பதை எண்ணிலேயே பார்க்கலாம். சாதாரண மேட் (வெட்டிய நார்களாலான தாள்) போட்டுக் கையால் பூசிய ஃபைபரின் யங்கின் மட்டு, அதாவது பொருளின் விறைப்பளவு, ஏறத்தாழ 7 கிகாபாஸ்கல். கோரே இல்லாத 6 மி.மீ. திண்மப் பலகை சதுர மீட்டருக்கு 9 கிலோ வரும். அதற்குப் பதில் 2 மி.மீ. தோல் இரண்டும் நடுவில் 15 மி.மீ. பிவிசி ஃபோமும் வைத்தால், ஒட்டும் ரெசினையும் சேர்த்து 8 கிலோ. எடை சற்றுக் குறைவு, வளைவு விறைப்போ ஏறத்தாழ 16 மடங்கு. கோரை 30 மி.மீ. ஆக்கினால் கூடுவது ஒரு கிலோவும் கொஞ்சமும். விறைப்பு இன்னும் மூன்றரை மடங்காகும்.

இங்கேதான் பலர் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: தூரம்தானே முக்கியம், அப்படியானால் எந்த ஃபோமாக இருந்தால் என்ன? அதற்கு விடை அடுத்த கணக்கில் இருக்கிறது.

600 மி.மீ. இடைவெளியில் இரண்டு தாங்கிகள். அவற்றின்மேல் 300 மி.மீ. அகலத் துண்டு. நடுவில் 100 கிலோ ஆள் ஒருவர் நிற்கிறார். மேலே சொன்ன 2-15-2 பலகை வளைவால் மட்டும் 7.4 மி.மீ. தாழும். தானே வளைவைத் தாங்கும் பிளைவுட்டைத் தவிர எந்தக் கோருக்கும் இது பொது. கோர் வழுக்குவதால் கூடுதலாகத் தாழ்வதில்தான் வித்தியாசம். பிவிசி ஃபோமில் 1 மி.மீ., தேன்கூட்டில் ஏறத்தாழ 2.5 மி.மீ., பல்சாவில் கால் மி.மீ. கூட இல்லை. பியு ஃபோமிலோ 8 மி.மீ. தாண்டும். அதாவது பியு பலகை தாழ்வதில் பாதிக்கு மேல் கோரின் குறை. அதே இடத்தில் 6 மி.மீ. திண்மப் பலகையைப் போட்டுப் பார்த்தால் கணக்கில் 12 செ.மீ. வருகிறது. அவ்வளவு தாழ்வுக்கு இந்தச் சூத்திரமே பொருந்தாது, ஆனால் அந்தப் பலகையில் யாரும் நடக்க விரும்பமாட்டார்கள் என்பது மட்டும் தெளிவு.

விறைப்புக்கு அப்புறம் உடைவு. கோர் வெட்டுப்பட்டுக் கிழியலாம், அமுங்கும் தோல் சுருங்கி மடியலாம், பாரம் விழுந்த இடத்தில் குழி விழலாம், தோல் கோரை விட்டுக் கழன்று வரலாம். கையால் பூசிய பலகைகளில் நான் அதிகம் பயப்படுவது கடைசியாகச் சொன்ன கழறலுக்கு. வெளியே எதுவும் தெரியாமலே அது பரவும்.

இவற்றோடு கொழும்புக்கென்று மூன்றைச் சேர்க்க வேண்டும். ஈரம், வெயில், ஓட்டை. வைகாசியில் தொடங்கும் தென்மேல் பருவக்காற்று புரட்டாதிவரை விடாது, அதற்குப் பிறகு ஐப்பசி, கார்த்திகையில் பின்னேர மழை. உச்சி வெயிலில் கடும் நிறத் தட்டு 60 பாகை செல்சியஸைத் தாண்டும். ஓட்டை என்பது நாமே போடுவது: கம்பி, கொக்கி, இருக்கை என்று பலகையில் ஆணி இறக்காத படகை நான் பார்த்ததில்லை.

## ஒரே பார்வையில்

இவை வழக்கமாகக் கிடைக்கும் தரங்களின் ஏறத்தாழ எண்கள். வாங்கும் பொருளின் தரவுத்தாளைக் கேட்டு வாங்குங்கள். தரவுத்தாள் தர முடியாத கடையில் தளத்துக்கான கோரை வாங்காதீர்கள்.

| | பிவிசி ஃபோம் | பிளைவுட் | பல்சா | பிளாஸ்டிக் தேன்கூடு | பியு ஃபோம் |
|---|---|---|---|---|---|
| அடர்த்தி (கிலோ/கன மீட்டர்) | 80 | 500–650 | 150 | 80 | 40 |
| அமுக்க வலிமை (மெகாபாஸ்கல்) | 1.4 | மிக அதிகம் | 12 | 1.2–1.8 | 0.2–0.3 |
| வெட்டு வலிமை (மெகாபாஸ்கல்) | 1.1 | போதும் போதும் | 2.5–3 | 0.5 | 0.2 |
| வெட்டு மட்டு: வழுக்கலுக்கு எதிரான விறைப்பு (மெகாபாஸ்கல்) | 27 | அதிகம் | 150க்கு மேல் | 8–15 | 2–4 |
| தண்ணீர் புகுந்தால் | அந்த இடத்தோடு நிற்கும் | பரவும், உக்கும் | பரவும், உக்கும் | அறைகளில் தேங்கும் | மெல்ல ஊறும், பொடியும் |
| வெயில் | கடும் நிறம் கூடாது | கவலை குறைவு | கவலை குறைவு | சூட்டில் இளகும் | ஓரளவு தாங்கும் |
| வளைந்த வடிவம் | வெட்டுக்கோடு போட்ட தாள் வளையும் | கடினம் | சதுரத் துண்டுத் தாள் வளையும் | லேசான வளைவு மட்டும் | இழைத்து எடுக்கலாம் |

## பிவிசி ஃபோம்

மூடிய அறைகள் கொண்ட, குறுக்குப் பிணைப்புள்ள பிவிசி ஃபோமைப் பற்றித்தான் பேசுகிறேன். விளம்பரப் பலகை வெட்டும் வெள்ளைப் பிவிசி தாள் வேறு. அதன் அடர்த்தி பல மடங்கு, கோராக வைத்தால் இலாபம் போய்விடும்.

மேலே சொன்ன ஆள் நின்றால் கோரில் வரும் வெட்டுத் தகைப்பு (பரப்பலகுக்கு வரும் விசை) 0.1 மெகாபாஸ்கல். இந்த ஃபோம் தாங்குவது 1.1. பத்து மடங்குக்கு மேல் ஒதுக்கம் இருக்கிறது, குதித்தாலும் பிரச்சினை இல்லை. தோல் சுருங்கி மடிவதற்கு வேண்டிய தகைப்பு கணக்கில் 125 மெகாபாஸ்கலை ஒட்டி வருகிறது. தோலின் சொந்த அமுக்க வலிமையும் கிட்டத்தட்ட அங்கேதான். ஒன்று மற்றதற்கு முன்னால் பலவீனமாகி நிற்பதில்லை. இந்தப் பொருத்தம் எனக்குப் பிடிக்கும்.

மறைந்த செலவுகள் உண்டு. ஃபோமின் வெட்டிய மேற்பரப்பு ரெசின் குடிக்கும். வளைவதற்காகக் கோடு போட்ட தாள் என்றால் அந்தக் கோடுகளும் குடிக்கும். சதுர மீட்டருக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோவரை போகும், எடையிலும் பணத்திலும் அதைக் கணக்கில் எடுங்கள். பொருள் இறக்குமதி, டொலர் ஏறினால் விலையும் ஏறும். 2022 பொருளாதார நெருக்கடியைக் கடந்து வந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வெயில் இன்னொன்று. 70 பாகையை நெருங்கும்போது இந்த ஃபோமின் விறைப்பு நன்றாக இறங்கிவிடும். சாதாரண ஆர்த்தோ பாலியெஸ்டர் ரெசினும் அந்தச் சூட்டை ஒட்டித்தான் இளகத் தொடங்கும். இரண்டும் சேர்ந்து இளகினால் தோல் கழறும். தட்டு வெள்ளையாகவோ வெளிறிய சாம்பலாகவோ இருக்கட்டும். கறுப்பும் கடும் நீலமும் படத்துக்கு அழகுதான், பிவிசி கோர் போட்ட தட்டுக்கு வேண்டாம்.

## பிளைவுட்

பழைய ஆள், குறைத்து மதிப்பிட வேண்டாம். 12 மி.மீ. மரீன் பிளைவுட்டுக்கு இரு பக்கமும் 1 மி.மீ. ஃபைபர் பூசினால் நம்முடைய 600 மி.மீ. சோதனையில் 9 மி.மீ. சொச்சம்தான் தாழும். பிவிசி பலகை 8.4. எடை சதுர மீட்டருக்கு 10 கிலோ, பிவிசி பலகை 8. ஐந்து சதுர மீட்டர் தட்டுள்ள சின்னப் படகில் வித்தியாசம் 10 கிலோ. ஒரு வலைக்கட்டு நனைந்தால் அதைவிடக் கூடும்! ஆகவே சின்னப் படகில் எடையைக் காட்டி பிவிசியை விற்க வருபவரை நம்பாதீர்கள்.

பிவிசிக்கு உண்மையான நியாயம் வேறு: பிளைவுட் உக்கும். ஓர் ஆணி ஓட்டையால் தண்ணீர் புகும், மர இழைகள் வழியாக ஓடும், தோலுக்குள்ளே வெளியேற வழியின்றிக் கிடக்கும். மரத்தின் ஈரம் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் பூஞ்சணம் தொடங்கும். மேலே தோல் பளபளவென்று இருக்க, கீழே மாவாகி இருக்கும்.

இதைத் தடுக்கலாம், செலவு ஆகும். பாலியெஸ்டர் ரெசின் மரத்தில் நீண்ட காலம் பிடிக்காது. முதல் பூச்சும் விளிம்புப் பூச்சும் எபொக்சியில் இருக்க வேண்டும். ஒவ்வோர் ஓட்டையையும் பெரிதாகத் துளைத்து, எபொக்சிக் களிம்பு அடைத்து, இறுகியபின் நடுவில் மறுபடி துளைக்க வேண்டும். பாஸ்மாருக்கு இது தெரியாததல்ல. நாள் முடிகிற நேரத்தில் நாற்பதாவது ஓட்டையிலும் அதைச் செய்வார்களா என்பதுதான் கேள்வி. மலிவுப் பிளைவுட்டை மரீன் என்று தருவதும் உண்டு. சிறு துண்டொன்றைத் தண்ணீரில் சில மணி நேரம் கொதிக்கவிடுங்கள். அடுக்குப் பிரிந்தால் திருப்பிக் கொடுங்கள்.

வெளி எஞ்சின் தொங்கும் பின்பலகை, நங்கூரக் கயிறு கட்டும் இடம், ஆணி இறங்கும் எந்த இடமானாலும் பிளைவுட் அல்லது திண்ம ஃபைபர்தான். அங்கே ஃபோம் நசுங்கும், ஆணி தளரும், தளர்ந்த ஆணியைச் சுற்றித் தண்ணீர் போகும்.

## பல்சா

எண்களை மட்டும் பார்த்தால் இதற்குத்தான் பரிசு. இழை மேல்நோக்கி நிற்கும்படி குறுக்கே வெட்டிய பல்சா, பிவிசியைவிடப் பல மடங்கு அமுக்கத்தைத் தாங்கும். வெட்டு மட்டில் ஃபோமோ தேன்கூடோ கிட்டவே வரமுடியாது. இரண்டாம் உலகப் போரில் பறந்த மொஸ்கிட்டோ விமானத்தின் உடல் பர்ச் பிளைவுட் தோலுக்கு நடுவில் பல்சா வைத்துச் செய்தது. முதல் பறப்பு 1940 நவம்பரில்.

ஆனால் அதுவும் மரம். பிளைவுட்டுக்குச் சொன்ன ஈரக் கவலை அத்தனையும் இதற்கும் உண்டு. அதற்கு மேல், வெட்டிய முகம் முழுவதும் இழைகளின் வாய் திறந்திருப்பதால் ரெசினை இழுத்துக் குடிக்கும். முன்பூச்சு போடாமல் தோலை ஒட்டினால் ஒட்டுப்பகுதி ரெசின் இல்லாமல் காய்ந்து நிற்கும். வெற்றிட இன்ஃபியூஷன் (காற்றை உறிஞ்சி எடுத்து ரெசினை இழுக்கும் முறை) வசதியுள்ள, விளிம்பு ஒவ்வொன்றையும் சோதிக்கும் பட்டறைக்கு இது நல்ல பொருள். திறந்த கொட்டகையில், மழைக் காற்றில், கையால் பூசுபவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## பிளாஸ்டிக் தேன்கூடு

பொலிப்புரொப்பிலீன் தேன்கூட்டுத் தாள்களைச் சொல்கிறேன். அலுமினியத் தேன்கூடு உப்புக்காற்றுக்கு ஆகாது. அதிலும் காபன் நார்த் தோல் போட்டால் அரிப்பு இன்னும் வேகமாக நடக்கும்.

தாளின் இரு பக்கமும் ஒரு மெல்லிய படலமும் பஞ்சுத்துணி போன்ற அடுக்கும் இருக்கும். ரெசின் அறைகளுக்குள் இறங்காமல் படலம் தடுக்கும், துணி ரெசினைப் பிடிக்கும். பொலிப்புரொப்பிலீனில் எந்த ரெசினும் நேரடியாக ஒட்டாது. ஆகவே பலகையின் முழு ஒட்டுறுதியும் அந்தத் துணி அடுக்கின் தயவில் இருக்கிறது. வாங்கும்போது நகத்தால் உரித்துப் பாருங்கள்.

விறைப்பு சுமார். நிலையான பாரத்தின்கீழ் மாதக்கணக்கில் மெல்லத் தொய்யும், சூட்டில் இன்னும் அதிகம் தொய்யும். மறுபுறம் மரம்போல் உக்காது, கையாளச் சுலபம், தட்டையான பெரிய பலகைக்கு வேலை விரைவாக முடியும். உணவு வண்டியின் பக்கச் சுவர், தடுப்பு, கதவு எல்லாவற்றுக்கும் இது சரியான தெரிவு. கூரைக்கும் போடலாம், வெள்ளை நிறத்தில். வண்டியின் தரைக்கும், 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் வைக்கும் மூலைக்கும் வேண்டாம். நிரம்பிய சிலிண்டரின் வளையம் ஒரே கோட்டில் அழுத்தும், குழி விழும். தவிர, பொலிப்புரொப்பிலீன் தீப்பிடித்தால் உருகிச் சொட்டிக்கொண்டே எரியும். அடுப்புக்குப் பின்னால் துருப்பிடிக்காத உருக்குத் தகடும் கொஞ்சம் காற்று இடைவெளியும் கட்டாயம்.

## பியு ஃபோம்

மலிவு, எங்கும் கிடைக்கும், கத்தியால் வெட்டி உப்புத்தாளால் இழைக்கலாம். வெப்பத்தைத் தடுப்பதில் இந்த ஐந்தில் இதுவே முதல். ஐஸ் பெட்டிக்கும் குளிர் லொறிப் பெட்டிக்கும் இதைத் தவிர வேறொன்றைத் தேட வேண்டாம்.

தளத்துக்கு? அதே ஆள் நிற்கும்போது மேல்தோலில் வரும் தகைப்பு ஏறத்தாழ 15 மெகாபாஸ்கல். பியு கோரின்மேல் உள்ள தோல் 25ஐ ஒட்டியே சுருங்கி மடியும். கோரின் வெட்டு வலிமை 0.2, வருவது 0.1. நின்றால் தாங்கும். அலையில் படகு எழும்பி விழும்போது, அல்லது ஒருவர் மீன்பெட்டியோடு குதிக்கும்போது பாரம் இரட்டிப்பாகும், ஒதுக்கம் தீர்ந்துவிடும். ஒருமுறை தாங்கினாலும் ஆயிரம் முறை தாங்காது. தோலுக்கு அடியில் ஃபோம் பொடியாகி, அந்தப் பொடி தோலை விடும்.

இதனால்தான் மீன் அறையைச் சுற்றி பியு போட்டிருக்கும் படகில், மூடியின்மேல் ஏறி நிற்பதற்கென்று தனியே விட்டங்கள் வேண்டும். பாரம் விட்டத்துக்கு, குளிர் ஃபோமுக்கு என்று பிரித்துவிட்டால் பிரச்சினை இல்லை. தண்ணீர் மட்டும் புகவிடாதீர்கள். ஊறிய பியு குளிரையும் விடும், எடையையும் ஏற்றும்.

பொதி கட்டும் வெள்ளை ரெஜிபோமை வைக்கலாமா என்று எப்போதும் ஒருவராவது கேட்பார். பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் அதைக் கண்முன்னே கரைத்துவிடும். எபொக்சியில் கரையாது, ஆனால் சாதாரண ரெஜிபோமின் வலிமை பியுவைவிடப் பெரிதாக இல்லை. எபொக்சிக்குப் பணம் போடுகிறவர் கோருக்கும் போடலாம்.

## தோலும் ரெசினும்

சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் தெரிவு அவ்வளவு சிக்கலில்லை. கோரை ஒட்டி முதலில் மேட், அதன்மேல் ரோவிங் (நெய்த கண்ணாடி நார்த் துணி). ரோவிங் ஏறத்தாழ இரு மடங்கு விறைப்புத் தரும், ஆனால் நேரே கோரில் போட்டால் நெசவின் பள்ளங்களில் ரெசினும் காற்றும் தேங்கி ஒட்டு பலவீனமாகும். வெளித்தோலை 1.5 மி.மீ.க்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். கணக்கில் போதும் என்று வந்தாலும் கீழே விழும் நங்கூரம் கணக்குப் பார்க்காது. 12 மி.மீ. பிளைவுட் மட்டும் இதற்கு விதிவிலக்கு, அடியில் திடமான பொருள் இருப்பதால் 1 மி.மீ. போதும்.

ஃபோமுக்கும் தேன்கூட்டுக்கும் பாலியெஸ்டர் போதும். கொஞ்சம் கூடப் பணம் இருந்தால் வைனைல் எஸ்டர் எடுங்கள், சூட்டையும் தண்ணீரையும் கூடுதலாகத் தாங்கும். எபொக்சி பூசுபவர்கள் கொழும்பு ஈரப்பதத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இறுகிய மேற்பரப்பில் மெழுகுபோல் ஒரு படலம் வரும். அதைத் தண்ணீரால் கழுவித் துடைக்காமல் அடுத்த பூச்சுப் போட்டால் ஒட்டாது.

## யாருக்கு எது

நாள் படகின் மேல்தட்டு: பிவிசி ஃபோம், ஆணி இறங்கும் இடங்களில் மட்டும் பிளைவுட் அல்லது திண்ம ஃபைபர். ஒரு தட்டில் இரண்டு கோர் இருப்பதில் தவறில்லை. இரண்டும் சேரும் கோட்டைச் சாய்வாக வெட்டிச் சேருங்கள், செங்குத்தாக வெட்டினால் அங்கேதான் வெடிப்பு வரும்.

பணம் நெருக்கடி, ஆனால் நம்பிக்கையான பாஸ் ஒருவர் இருக்கிறார் என்றால் பிளைவுட்டும் எபொக்சியும் எடுங்கள். நம்பிக்கையான ஆள் இல்லையென்றால் மிச்சம் பிடித்த பணம் பழுதுபார்ப்பில் போகும். உணவு வண்டிக்குச் சுவர்கள் தேன்கூடு, தரை பிளைவுட். குளிர்பெட்டிக்கு பியு. செயற்றிட்ட மாணவர்களுக்கு பல்சாவும் பிவிசியும் ஒரே தடிப்பில் செய்து ஒப்பிடுவது நல்ல வேலை. ஒன்று தோலிலும் மற்றது கோரிலும் உடையுமாறு தாங்கித் தூரத்தை மாற்றிப் பார்க்கலாம். சான்ட்விச் பலகையின் வளைவுச் சோதனைக்கு ஏஎஸ்டிஎம் சி393 என்ற நியமம் இருக்கிறது.

## வாங்குமுன் ஒரு சோதனை

ஆய்வுகூடம் தேவையில்லை. 2-15-2 கணக்கில் 300 மி.மீ. அகலம், ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டு செய்து நன்றாக இறுகவிடுங்கள். இரண்டு மரக்கட்டைகளை 400 மி.மீ. தூரத்தில் வைத்து, நடுவில் குறுக்குக் கட்டையொன்றின்மேல் 50 கிலோ சீமெந்துப் பையை ஏற்றி, எவ்வளவு தாழ்கிறது என்று அளவுங்கள். பிறகு தூரத்தை 800 மி.மீ. ஆக்கி மறுபடி அளவுங்கள்.

தாழ்வு முழுக்க வளைவால் என்றால் இரண்டாவது அளவு முதலாவதைப்போல் 8 மடங்கு இருக்கும். முழுக்கக் கோரின் வழுக்கலால் என்றால் 2 மடங்கு. நல்ல பிவிசி கோரில் ஆறரை மடங்கு வரும், முதல் அளவு ஒன்றரை மி.மீ., இரண்டாவது 9 மி.மீ.க்குச் சற்று மேல். 4க்குக் கீழே வந்தால் அந்தக் கோர், கடைக்காரர் என்ன பெயர் சொல்லி விற்றாலும், பியுவைப்போலத்தான் நடந்துகொள்கிறது.

பையை அப்படியே இரவு முழுவதும் விட்டுவிட்டு, காலையில் இன்னொரு முறை அளவுங்கள். அப்புறம் பையை இறக்கி, ஒரு நாணயக்குற்றியால் துண்டு முழுவதும் தட்டிக்கொண்டே போங்கள். சத்தம் கணீரென்று கேட்க வேண்டும். எங்காவது மந்தமாகக் கேட்டால் அந்த இடத்தை அறுத்துத் திறந்து, தோல் கழன்றது கோரிலிருந்தா, கோரே கிழிந்ததா என்று பாருங்கள். ஃபோம் கிழிந்து தோலோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் ஒட்டு நல்லது, கோர் போதாது. தோல் சுத்தமாக உரிந்திருந்தால் கோரை மாற்றுவதில் பயனில்லை, ஒட்டும் முறையை மாற்றுங்கள்.